மூணாவது வரிசை சார்

இல்ல சார், அதுல உக்காராதீங்க, ஒரு கால் ஆடுது. இந்த நாற்காலிக்கு வாங்க. கடைப் பசங்க நாற்காலிய அடுக்கட்டும், அதுக்கு நீங்க ஏன் எழுந்திருக்கறீங்க? இந்த ரெண்ட மட்டும் கடைசில எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். டீ சொல்லவா? வேண்டாமா? சரி, எனக்கும் வேண்டாம். கடை திறப்புல குடுக்கற டீ எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? எங்களோட சேர்ந்து எத்தனை கடை திறந்திருக்கீங்க!

அட, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம் பேசணும், அவ்வளவுதான். திரும்பி மட்டும் பாக்காதீங்க. பின்னாடி வேன் நிக்குதில்ல, அதுல மூணு பேரும் உக்காந்து நம்மளத்தான் பாத்துட்டு இருக்காங்க. என்னப் பேசிட்டு வரச் சொல்லி அனுப்பினதே அவங்கதான். திரும்பாதீங்கன்னு சொன்னேனே சார். சரி, கையும் ஆட்டியாச்சா? போகட்டும் விடுங்க.

என்ன யாருன்னு தெரியுதில்ல? இல்ல சார், பாடறவரு சகலை. நடுவுல நிக்கறவரு. நான் ஓரத்துல, ஸ்பீக்கர் பக்கத்துல நிப்பேனே. பேஸ் கிட்டார். நாலு கம்பி இருக்கும், அது. ஆமா, இன்னிக்கு ஸ்பீக்கருக்குப் பின்னாடியே நின்னுட்டேன், அங்க ஒரு தூண் வேற. ஐயோ, சங்கடப்படாதீங்க சார். என் வீட்டுக்காரியே ஒரு தடவ வீடியோவப் பாத்துட்டு, அன்னிக்கு நீங்க போகலயான்னு கேட்டா. போனேன்மா, அந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி தெரியற முழங்கை என்னுதுன்னு காட்டினேன். ஒத்துக்கிட்டா. கட்டின பொண்டாட்டி, முழங்கை தெரியாமலா போகும்?

சகலைன்னா நெஜமாவே சகலைதான். என் மனைவியோட அக்காவக் கட்டினவரு. மாமனார் வீட்டுக்குப் போனா ரெண்டு மருமகனும் ஒரு ரிமோட்டுக்கு அடிச்சிக்குவோம். எங்கயாவது போய் எதையாவது பண்ணித் தொலைங்கப்பான்னு மாமியார் விரட்டி விட்டாங்க. அதுதான் சார் எங்க இசைப் பயணம் தொடங்கின கதை. மத்தவங்கல்லாம் உள்ளுக்குள்ள ஏதோ ஒரு தீ எரிஞ்சதுன்னு சொல்வாங்க. எங்களுக்கு மாமியார்.

ட்ரம்ஸ் அடிக்கறவனுக்குக் கெடிகாரம்னு பேர் வெச்சிருக்கோம். ஒரு பாட்டுல கூட நேரத்துக்கு வந்ததில்ல, அதனால. ஆனா அவன விட முடியாது. அவங்க வீட்டு கார் ஷெட்லதான் பயிற்சி. அவங்க அண்ணன் காரை எடுத்துட்டு வெளிய போனாத்தான் எங்களுக்கு இடம். அந்தக் குடும்பத்துல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கார்லதானே போவாங்க? தப்புதான் சார். ஆனா அப்படித்தான் இருக்கும்.

கீபோர்ட் டீச்சர். கணக்கு டியூஷன் எடுக்கறாங்க. நம்ம எங்கயாவது தப்பு விட்டா திட்ட மாட்டாங்க. கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாப்பாங்க. விடை சரியா இருந்தும் வழிமுறை தப்புன்னு பாதி மார்க் போடற பார்வை. சகலையே அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ரெண்டாவது சரணத்த ஒழுங்கா மனப்பாடம் பண்ணினாரு.

எங்களுக்குன்னு ஒரு பேர் கூடக் கிடையாது பாத்தீங்களா? எந்தக் கடைல வாசிக்கறமோ அந்தக் கடை பேனர்தான் பின்னாடி தொங்கும். ஒரு வாரம் நாங்க மெத்தை, ஒரு வாரம் பல் ஆஸ்பத்திரி, இன்னிக்கு டைல்ஸ். டைல்ஸ் கடைக்குள்ள ட்ரம்ஸ் வெச்சா என்ன ஆகும்னு யாருமே யோசிக்கல. அவன் ஒண்ணு அடிச்சா சுவரு மூணு அடிக்குது. இன்னிக்குத்தான் முதல் தடவையா அதுல ஒண்ணு தாளத்துக்குள்ள விழுந்துச்சு.

உங்களுக்கும் நாங்க ஒரு பேர் வெச்சிருக்கோம். கோவிச்சுக்க மாட்டீங்களே? மூணாவது வரிசை. மூணாவது வரிசை வந்தாச்சா, மூணாவது வரிசைக்குத் தண்ணி குடுத்தாங்களா, இப்படித்தான் பேசிக்குவோம். அந்த நூலகத்துல ரெண்டே வரிசை போட்டிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? நீங்க ஒரு நாற்காலியத் தூக்கிட்டுப் போயி பின்னாடி மூணாவதா ஒரு வரிசை போட்டு அதுல தனியா உக்காந்தீங்க. முன்னாடி ரெண்டு வரிசையும் காலி. சகலைக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார். எவ்வளவு அடக்கமான மனுஷன் பாருன்னாரு. என்னது? கதவுக்குப் பக்கத்துல இருக்கட்டும்னா? ஓ. சரி, அத நான் அவர்கிட்ட சொல்லல.

கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க. வலது பக்கம் இறங்கி நிக்குது, ஒரு வருஷமாப் பாத்துட்டு இருக்கேன், கையி பரபரங்குது. தொழிலே அதுதானே சார், கண்ணாடிக் கடை. கண்ணு செக் பண்ணி லென்ஸ் மாட்டிக் குடுக்கறேன். கிட்டார் பொட்டில எப்பவும் ஒரு குட்டி ஸ்குரூடிரைவர் இருக்கும். இதால கிட்டாருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. குடுங்க, ஒரு நிமிஷம்.

நீங்க கண்ணத் துடைச்சுக்கறீங்க பாருங்க, இதுல ஒரு பெரிய கதை இருக்கு. லிஃப்ட் பத்தி ஒரு பாட்டு பாடுவோமில்ல, மெதுவா வரும், ஒருத்தன் தப்பான மாடில இறங்கிடுவான், அது. அந்தப் பாட்டுல ஒரு நாள் நீங்க இப்படித்தான் கண்ணத் துடைச்சீங்க. அன்னிலேருந்து அதுதான் எங்க கடைசிப் பாட்டு. கெடிகாரம் எழுதினது. நம்ம பாட்டுக்கு ஒரு மனுஷன் அழுதாருன்னு அவங்க வீட்ல சொல்லிருக்கான். அவங்கப்பா நம்பல, அது வேற விஷயம். எனக்கு அன்னிக்கே தெரியும் சார், அது கண்ணு வறண்டு போறது. ஏசிக்கு நேரா உக்காந்திருந்தீங்க. சொட்டு மருந்து போட்டுக்கங்க, நான் பேர் சொல்றேன். ஆனா அத எப்படி அவன்கிட்ட சொல்றது? ஒருத்தன் வாழ்க்கைல ஒரு பாட்டு எழுதிருக்கான், ஒருத்தர் அழுதிருக்காரு. நடுவுல போயி ஏசின்னா சொல்ல முடியும்?

அது மட்டுமா? நீங்க கொட்டாவி விட்டா அந்தப் பாட்டு அடுத்த வாரம் இருக்காது. கால் ஆட்டினா அத ரெண்டு தடவ பாடுவோம். ஒரு நாள் போன் வந்து நடுவுல எழுந்து போனீங்களே, வேன்ல ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்காம வந்தோம். சகலை அந்தப் பாட்டயே தூக்கிட்டாரு. நல்ல பாட்டு சார் அது. எனக்கு அதுல கொஞ்சம் தனியா வாசிக்க இருந்துச்சு. ரொம்ப இல்ல, இருமி முடிக்கற நேரம்தான். போயிடுச்சு.

இந்தாங்க, போட்டுப் பாருங்க. காதுக்குப் பின்னாடி உறுத்துதா? இல்லல்ல? இனிமே உலகம் நேரா நிக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். மென்னு முழுங்கிட்டே இருந்தா அவங்க இறங்கி வந்துடுவாங்க. சார், நாங்க நிறுத்திடலாம்னு இருக்கோம். பேண்ட. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. கெடிகாரத்துக்கு இடுப்பு போச்சு, ட்ரம்ஸ மாடி ஏத்தி இறக்கி. டீச்சருக்கு சனிக்கிழமைலதான் பிள்ளைங்க நிறைய வருதுங்க, அத ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளித் தள்ளி பெத்தவங்க முணுமுணுக்கறாங்க. சகலைக்கு மேல் சுருதி எட்டல. எட்டலன்னு அவருக்கே தெரியும், அதனால அந்த இடம் வந்தா மைக்க உங்க பக்கம் நீட்டிடுவாரு. நீங்களும் பாடினதில்ல, அந்த இடம் எப்பவும் அமைதியாவே போகும்.

இத இன்னிக்கு எடுத்த முடிவுன்னு நெனைக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்தது. அந்த இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எல்லாம் விக்கற கடையோட ஆண்டு விழா, ஞாபகம் இருக்கா? அதோட மூடிடலாம்னு பேசி வெச்சுட்டுத்தான் மேடை ஏறினோம். அவங்க மூணு பேரும் பேசினாங்க. நான் பக்கத்துல ஒயரு சுத்திட்டு இருந்தேன். என்னக் கேக்கல. கேக்கணும்னு தோணல போல. நான்தான் எதுக்கும் சரின்னு சொல்றவனாச்சே.

கடைசிப் பாட்டு முடிஞ்சுது. ஒரு ஈ காக்கா இல்ல. ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் நடுவுல போட்ட நாற்காலில, மூணாவது வரிசைல நீங்க ஒருத்தர், மடில ஒரு இஸ்திரிப் பெட்டிய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. சகலை மைக்க அணைக்கப் போறாரு. அப்ப நீங்க கை தட்டினீங்க. டப் டப்னு ரெண்டே தட்டு. அந்த ரெண்டு தட்டு சார்! டீச்சர் உடனே மைக்கப் பிடுங்கி, மூணாவது வரிசைல இருக்கற சாருக்கு நன்றி, அடுத்த வாரம் நூலகத்துல வாசிக்கறோம், அவசியம் வாங்கன்னுட்டாங்க. அடுத்த வாரம்னு ஒண்ணு அதுக்கு முன்னாடி இருக்கவே இல்ல. நீங்களும் வந்துட்டீங்க. அதுக்கப்புறம் யாரு பூனைக்கு மணி கட்டறது? ஒவ்வொரு வாரமும் வேன்ல இதே பேச்சு. நிறுத்திடலாம், ஆனா அவரு என்ன நெனைப்பாரு? அவரு பாவம் எவ்வளவு ஆசையா வராரு? மழைல கூட வந்தாரே? நாலு பேரு உங்க ஒருத்தருக்காக வாசிச்சுட்டு இருக்கோம் சார், நெஜமாத்தான்.

போன வாரம் உறுதியாப் பேசி முடிச்சாச்சு. அவர்கிட்டயே நேராச் சொல்லிடலாம், அவரு மனசார சரின்னு சொன்னா நிறுத்திக்கலாம், அவரு வருத்தப்பட்டா நிறுத்தறதா இல்ல. இதுதான் முடிவு. யாரு சொல்றதுன்னு வந்தப்ப மூணு பேரும் என்னப் பாத்தாங்க. ஊருக்கு இளைச்சவன் ஒருத்தன் வேணுமில்ல? அதான் வந்து உக்காந்திருக்கேன்.

என்ன சார், பெருமூச்சு விடறீங்க?

இல்ல, விட்டீங்க. நான் பேஸ் வாசிக்கறவன், மெல்லிசான சத்தம் எனக்கு நல்லாவே கேக்கும். அது வருத்தப் பெருமூச்சு இல்ல. பஸ்ல கடைசியா ஒரு சீட் கிடைச்சவன் விடற பெருமூச்சு. சொல்லுங்க, பரவால்ல. நமக்குள்ள என்ன இருக்கு?

என்னது?

கடைக்காரரைக் கூப்பிடவா? கடைக்காரரைக் கூப்பிடவா கை தட்டினீங்க?

இஸ்திரிப் பெட்டிய ரிப்பேருக்குக் குடுக்கணும், ஆளு வரவே இல்ல... சத்தமாப் பாட்டு ஓடிட்டு இருக்கு, கூப்பிட்டாக் கேக்காது... அதனால பாட்டு முடியற வரைக்கும் பொறுத்திருந்து, முடிஞ்சதும்... ஆமா. ஆமா, நியாயந்தான். டப் டப்னு ரெண்டு தட்டுதான். ரசிச்சுத் தட்டறவன் ரெண்டோட ஏன் நிறுத்தறான்? இது எங்க நாலு பேருக்கும் தோணல பாருங்க. இல்ல சார், நான் சிரிக்கல. சிரிப்புதான் வருது, ஆனா சிரிக்கல.

அப்ப அடுத்த வாரம் ஏன் வந்தீங்க? மைக்குல கூப்பிட்டுட்டாங்களேன்னா? ஒரு பொம்பள மைக்குல பேர் சொல்லாமக் கூப்பிட்டா எல்லாரும் வந்துடறாங்களா? சரி, மரியாதைக்கு ஒரு தடவ வந்தீங்க. அதுக்கப்புறம்?

ஓ... நீங்க இல்லன்னா நாங்க காலி நாற்காலிக்கு வாசிப்போமேன்னு. பாவமா இருந்துச்சு. வாராவாரம். நாங்க வேன்ல உங்களப் பாவம்னு சொல்லிட்டு வருவோம், நீங்க எங்களப் பாவம்னு நெனச்சுட்டு எதிர்ல வருவீங்க. வீட்ல என்ன சொல்லிட்டு வருவீங்க? வாக்கிங்கா! வீட்டம்மா ஒண்ணும் கேக்கலயா? வாக்கிங் போயிட்டு வேர்வையே இல்லாம வர்றீங்களேன்னு கேட்டாங்களா? அதுக்கு? நெழலாப் பாத்து நடந்தேன்னீங்களா? பலே ஆளு சார் நீங்க.

அந்தப் பாட்டெல்லாம்... ஒண்ணு கூடவா? பரவால்ல, நீங்க நெஜத்தச் சொல்லுங்க. அந்த லிஃப்ட் பாட்டு? தலையும் புரியல வாலும் புரியலயா? எனக்கும் அப்படித்தான் சார். அவன் ஏன் தப்பான மாடில இறங்கறான், இறங்கினவன் ஏன் மறுபடி ஏறல? கெடிகாரத்தக் கேட்டா அது குறியீடுங்கறான்.

சரி, கணக்கு நேராயிடுச்சு. உங்களுக்குப் பிடிக்குதுன்னு நாங்க வாசிச்சோம். எங்களுக்கு மனசு நோகக் கூடாதுன்னு நீங்க கேட்டீங்க. ரெண்டு வருஷம், எத்தனை சனிக்கிழமை, வாசிச்சவங்களுக்கும் வேண்டாம், கேட்டவருக்கும் வேண்டாம். சம்மந்தி வீட்டு உபசாரம் மாதிரி, எடுத்துக்கங்க எடுத்துக்கங்கன்னு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பரிமாறிருக்கோம், பசிச்சவன் ஒருத்தனும் கிடையாது.

இருங்க சார், எழுந்திருக்காதீங்க. ஒருத்தன் இருக்கான்.

எனக்கு இந்த பேண்ட் வேணும் சார். அவங்க மூணு பேர்கிட்டயும் நான் இதச் சொன்னதில்ல. சொன்னா சகலை கட்டிப்பிடிச்சுட்டு, பேஸ் உப்பு மாதிரிப்பா, தெரியாது ஆனா இல்லன்னா முடியாதும்பாரு. அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்காது. உப்பாப் பொறக்கணும்னு யாரு ஆசப்படறாங்க?

கடைல நாள் பூரா என் எதிர்ல ஆளுங்க உக்காந்துட்டுப் போறாங்க. இந்த லென்ஸ் தெளிவா இருக்கா, அந்த லென்ஸ் தெளிவா இருக்கான்னு கேட்டுட்டே இருப்பேன். எல்லாரும் பதில் சொல்வாங்க. ஆனா சுவத்துல இருக்கற எழுத்தத்தான் பாப்பாங்க, என்னப் பாக்க மாட்டாங்க. பாக்கவும் கூடாது, அதுதான் தொழில். வீட்லயும் ஒரு குறையும் இல்ல, நல்லவதான். ஆனா ஏதாவது சொல்லிட்டே இருந்து நான் பாதில நிறுத்திட்டேன்னு வைங்க, மீதி என்னன்னு யாரும் கேட்டதில்ல. அப்படியே அது காத்தோட போயிடும்.

ஒரு நாள் அந்த மெத்தைக் கடைல பாட்டு நடுவுல என் தடிச்ச கம்பி அறுந்துடுச்சு. சட்டுனு நிறுத்திட்டேன். என் சத்தம் நின்னது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. யாருக்குமே தெரியல. ஆனா மேடைல அவங்க மூணு பேரும் ஒரே நேரத்துல திரும்பி என்னப் பாத்தாங்க சார். சகலை பாட்டப் பாதில விட்டுட்டாரு. டீச்சர் கையி அப்படியே அந்தரத்துல நிக்குது. கெடிகாரம் குச்சியத் தூக்கினவன் இறக்கல. என்னாச்சுன்னு அவங்க மூஞ்சில ஒரு பயம். எனக்கு என்னவோ பண்ணிடுச்சு. இத்தன நாளா இவங்க என்னக் கேட்டுட்டுத்தான் இருந்திருக்காங்க. நான் நிறுத்தினா திரும்பிப் பாக்க இந்த ஒலகத்துல மூணு பேரு இருக்காங்க. வேற எங்கயும் இல்ல சார், அந்த மேடைல மட்டும்தான்.

அதுக்கப்புறம் எப்பவாவது வாரம் மோசமாப் போச்சுன்னா, வேணும்னே ஒரு நொடி நிறுத்துவேன். ஒரே நொடி. மூணு தலையும் திரும்பும். பாத்துக்குவேன். திரும்ப ஆரம்பிச்சுடுவேன். இன்னிக்கும் ஒரு தடவ பண்ணினேன், ஸ்பீக்கருக்குப் பின்னாடி நின்னுட்டு. கழுத்த எட்டி எட்டிப் பாத்துத் தேடினாங்க சார், மூணு பேரும்.

அதனால நான் இப்ப வேனுக்குப் போயி, நீங்க ஒத்துக்கலன்னு சொல்லப் போறேன்.

ஆமா. ரொம்ப வருத்தப்பட்டீங்க, சனிக்கிழமைய நம்பித்தான் இருக்கேன்னீங்க, என் கையப் புடிச்சுட்டு நிறுத்தாதீங்கப்பான்னீங்க. அப்படித்தான். ஐயோ, நீங்க வர வேண்டாம் சார்! உங்கள இன்னியோட விட்டாச்சு. நிம்மதியா நடங்க, வெயில்ல நடங்க. ஒரு நாலு வாட்டி வேர்வையோட வீட்டுக்குப் போங்க, அம்மாவுக்கும் சந்தோஷமா இருக்கும். எங்கிட்ட விட்டுடுங்க. அடுத்த வாரம் உங்களுக்கு ஜலதோஷம், ஆனா விசாரிக்கச் சொன்னாரும்பேன். அதுக்கடுத்த வாரம் சொந்தக்காரங்க வந்துட்டாங்க. அப்புறம் உங்க மருமகளுக்குப் பிரசவம். என்ன, மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலயா? ரொம்ப நல்லதாப் போச்சு. பொண்ணு பாக்கறதுலயே ஒரு வருஷம் ஓட்டிடலாம். மூணாவது வரிசைல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சுட்டு அவங்க வாசிப்பாங்க சார். வராத ஆளுக்கு இன்னும் நல்லாவே வாசிப்பாங்க, கொட்டாவி விடறது தெரியாதில்ல?

வேன் கதவு திறக்குது. டீச்சர். பொறுமை போச்சு அவங்களுக்கு. என் கைய ஒரு நிமிஷம் புடிச்சுக்கங்க. ரெண்டு கையாலயும். ஆ, இது போதும். தலைய வேண்டாம் வேண்டாம்னு கொஞ்சம் ஆட்டுங்க. அவ்வளவு வேகமா இல்ல சார், ஈ ஓட்டற மாதிரி இருக்கு. மெதுவா. அப்படித்தான்.

ஐயோ, சிரிக்காதீங்க சார். பாத்துட்டு இருக்காங்க.